மேனேஜரம்மாவைக் காணோம்

தங்கை: செத்துப்போச்சா? மேனேஜரம்மாவா?

அக்கா: கத்தாதடி! உன் அத்தான் கூடத்துலதான் உட்கார்ந்திருக்கார். அவருக்குப் பாம்புச்செவி.

தங்கை: கத்தலக்கா... எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போன தடவை நான் வந்தப்ப அந்தச் சிவப்பு வயித்தை வளைச்சு வளைச்சுக் காட்டிக்கிட்டு, தொட்டியையே ஒரு கலக்குக் கலக்கிக்கிட்டிருந்தாளே!

அக்கா: ம்... இப்ப இல்ல.

தங்கை: எப்போ? எப்படி?

அக்கா: அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப. கண்ணு ஆபரேஷன் முடிஞ்சதும் சர்க்கரை ஏறிப்போச்சுன்னு அங்கேயே படுக்க வச்சிட்டாங்கல்ல... எனக்கு ஒரு கால் அங்க, ஒரு கால் இங்க. ஒரு நாள் புழு போடலாம்னு வந்து, கண்ணாடியில மூக்கை ஒட்டிவச்சுப் பார்த்தா குமாஸ்தா மட்டும் நிழலாட்டம் நிக்கிறான்.

தங்கை: ஒத்தையாவா?

அக்கா: ஒத்தையா, தொட்டிக்குள்ள இருக்கிற பானை வாசல்ல. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் மாதிரி. அன்னிக்கும் அப்படித்தான், மறுநாளும் அப்படித்தான். அந்த இடத்தை விட்டு நகரவே இல்ல, பாவம்.

தங்கை: உடம்பு கிடைச்சுதா?

அக்கா: யார் உடம்பு?

தங்கை: மீன் உடம்புக்கா!

அக்கா: அந்தத் தண்ணியில நான் என்னத்தைத் தேடுவேன்? காய்ஞ்ச பாதாம் இலையா கொண்டுவந்து ஊறப்போட்டு, பால் விடாத டீ மாதிரி ஆக்கி வச்சிருக்கார். அந்த ஆப்பிரிக்கா மகாராணிக்கு அப்படி இருந்தாத்தான் பிடிக்குமாம். என் கண்ணு இருக்கிற லட்சணத்துக்கு, சுண்டுவிரல் நீளத்து மீனை அதுக்குள்ள எங்கன்னு தேடறது?

தங்கை: அப்ப செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?

அக்கா: மீன் கடைக்காரர்தான். 'புருஷன்காரனே அடிச்சுத் தின்னிருப்பான்மா'ன்னார்.

தங்கை: யாரு, குமாஸ்தாவா? அவ ஒரு தடவை முறைச்சாலே ஃபில்டருக்குப் பின்னாடி போய்ப் பதுங்கிக்குவானே. அவனா தின்னான்?

அக்கா: வாயைத் திறக்காத ஆம்பளையைத்தான் நம்பவே கூடாது.

தங்கை: சிரிக்காதக்கா. அத்தான்கிட்ட எப்படிச் சொன்னே?

அக்கா: சொல்லல.

தங்கை: சொல்லலையா? பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடி தொட்டி முகத்துல முழிக்கிற மனுஷன்! அவருக்குத் தெரியாம எப்படி...

அக்கா: அவர் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அதே ஜாதியில ஒண்ணு வாங்கி விட்டுட்டேன்.

தங்கை: அடிப்பாவி!

அக்கா: மெதுவா!

தங்கை: நீ பார்த்தா வாங்கினே? உனக்கு எதிர்ல நிக்கிறது நானா கதவான்னே தெரியாதேக்கா!

அக்கா: கதவு இவ்வளவு பேசாதுடி. கடைக்காரர் காட்டினார், நான் தலையாட்டினேன். 'கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும், உங்க வீட்டுத் தண்ணி பழகினா வயிறு சிவந்துடும்'னார்.

தங்கை: அத்தான் கண்டுபிடிக்கவே இல்லையா?

அக்கா: நேத்துக்கூட 'என்ன நிறம் பாரேன்'னு சொல்லிக்கிட்டிருந்தார்.

தங்கை: என்னால நம்பவே முடியல. தண்ணி வாரியத்து லேப்ல உட்கார்ந்து ஊர்த் தண்ணியைச் சொட்டுச் சொட்டா சோதிச்ச மனுஷன்...

அக்கா: அந்தச் சோதனையெல்லாம் வீட்டுல மீனுக்கு மட்டும்தான். மொட்டை மாடியில பிடிக்கிற மழைத்தண்ணி மொத்தமும் அதுக்கு. உப்புத்தண்ணி எனக்கு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து என் தலைமுடி கொட்டினது அவர் கண்ணுல படல. அந்தத் தொட்டியில ஒரு செதில் உதிர்ந்தா மட்டும் வீடே ரெண்டாகும்.

தங்கை: சரி விடு. மீன் போனாப் போகுது. அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுதில்ல? அதுதானே முக்கியம்.

அக்கா: ம்... எனக்குப் பேப்பர்கூடப் படிச்சுக் காட்டறாரே.

தங்கை: அதைப் பார்த்துத்தானே நீயும் இறங்கி வந்தே! நானும் எத்தனை வருஷமா உன் காலைப் பிடிக்கிறேன்... 'கண்ணுல கத்தி படறதுக்கு நான் இருட்டுலயே கிடந்துட்டுப் போறேன்'னு கதவைச் சாத்திக்கிட்டவ நீ. இதுக்கு மேல தள்ளிப்போட்டா புரை முத்திப்போய் ஆபத்தாயிடும்னு டாக்டரே திட்டினாராமே?

அக்கா: திட்டினார். அதான் நாளைக்குப் போறேனே.

தங்கை: காலையில எழுந்து, 'வயித்த வலிக்குது, இன்னொரு நாள் பார்க்கலாம்'னு ஆரம்பிக்க மாட்டியே?

அக்கா: மாட்டேன்டி. உன்னைத் துணைக்குக் கூப்பிட்டது எதுக்காம்? இந்தா, டீயை அவர்கிட்ட கொண்டுபோய்க் கொடு. மீனைப் பத்தி ஏதாவது உளறி வைக்காதே. உன் வாய்க்குத் தாழ்ப்பாளே கிடையாது.

*

தங்கை: அத்தான், டீ.

அத்தான்: அடடே, சின்னவளா! வா வா. குரல் கேட்டுது, அக்காவும் தங்கச்சியும் உள்ள மாநாடு நடத்தறீங்கன்னு சும்மா இருந்தேன். அப்படி வை.

தங்கை: இதோ, உங்க கைக்குப் பக்கத்துல... ஐயோ பார்த்து! சுடும் அத்தான், கொட்டப் பார்த்தீங்களே.

அத்தான்: கண்ணு முழுக்க இவங்க மேலயே இருந்துச்சா... கவனிக்கல.

தங்கை: எப்படி இருக்காங்க உங்க ஆபீஸ்காரங்க?

அத்தான்: நீயே பாரேன். புருஷனும் பொண்டாட்டியும் உரசிக்கிட்டுப் பானை வாசல்ல நிக்கிற அழகை!

தங்கை: ...எங்க அத்தான்?

அத்தான்: அதோ, பானைக்கு முன்னாடி. உனக்கும் உங்க அக்கா கண்ணு வந்துடுச்சா?

தங்கை: குமாஸ்தா மட்டும்தானே நிக்கிறான்?

அத்தான்: அவ... அவனுக்குப் பின்னாடி இருப்பா. மறைக்குது.

தங்கை: மேல மூலையில, ஃபில்டர் குழாய் ஓரமா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கே... அது என்னது அத்தான்?

அத்தான்: மூலையிலயா? பாசி. துடைக்கணும் துடைக்கணும்னு பார்க்கிறேன்.

தங்கை: பாசியா.

அத்தான்: பாசிதான்.

தங்கை: பாசிக்கு வால் கிழிஞ்சிருக்கு அத்தான்.

அத்தான்: ...என்ன சொன்னே?

தங்கை: ஒண்ணுமில்ல. நீங்க இப்படி... ஐயோ! ஐயோ அம்மா!

அத்தான்: என்ன? என்ன ஆச்சு?

தங்கை: பானைக்குள்ளேருந்து... அவளேதான்! அந்த வயிறு... செர்ரிப்பழம் மாதிரி... செத்துப்போனவ எழுந்து வர்றா!

அத்தான்: செத்துப்போனவளா? யாரு செத்தா? அவ நிக்கிறான்னு நான்தான் அப்பவே சொன்னேனே.

தங்கை: இருங்க, இருங்க. தலை சுத்துது எனக்கு. அத்தான்... பானை வாசல்ல இப்ப என்ன தெரியுது உங்களுக்கு?

அத்தான்: மேனேஜரம்மா. பக்கத்துல குமாஸ்தா.

தங்கை: அப்புறம்?

அத்தான்: அப்புறம் என்ன? மணல், இலை.

தங்கை: அவ வயித்துக்குக் கீழ? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.

அத்தான்: ...நிழல்.

தங்கை: அந்த நிழல் அவ கூடவே நடக்குது அத்தான். அந்த நிழலுக்குக் கண்ணு இருக்கு. எள்ளுக்கு வால் முளைச்ச மாதிரி... அடேயப்பா, எத்தனை! குஞ்சு அத்தான், குஞ்சுங்க!

அத்தான்: குஞ்சா? என் தொட்டியிலயா?

தங்கை: உங்க மூக்குக்கு நேரா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் தூரத்துல. உங்களுக்குத் தெரியல. உங்களுக்குக் கண்ணே தெரியல!

அத்தான்: மெதுவா... மெதுவா பேசும்மா. உன்னைக் கும்பிடறேன்.

தங்கை: ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே... எல்லாருக்கும் போன் பண்ணிச் சொன்னீங்களே அத்தான்!

அத்தான்: புரையை நல்லாத்தான் எடுத்தாங்க. அவங்க மேல குத்தமில்ல. உள்ள நரம்பு எப்பவோ பட்டுப்போயிருக்கு. கட்டைப் பிரிச்சாங்க... ஜன்னல் இருக்கிற பக்கம் கொஞ்சம் வெளுப்பா இருந்துச்சு. அவ்வளவுதான்.

தங்கை: அப்ப அந்தப் பேப்பர்? படிச்சுக் காட்டறீங்கன்னு அக்கா சொன்னாளே!

அத்தான்: அவ குளிக்கப் போனதும் ரேடியோவுல செய்தி கேட்டு வச்சுக்குவேன். அவ வந்ததும் கையில கிடைச்ச பேப்பரை விரிச்சு அதையே ஒப்பிப்பேன். அவளுக்கு அது புதுப் பேப்பரா, அலமாரிக்கு விரிச்ச பேப்பரான்னு தெரியவா போகுது?

தங்கை: எதுக்கு அத்தான் இந்த நாடகம்? கட்டின பொண்டாட்டிகிட்டயே?

அத்தான்: நாளைக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போறது?

தங்கை: அக்கா...

அத்தான்: அவளுக்கு நரம்பெல்லாம் நல்லா இருக்கு. வெறும் புரை. எடுத்துட்டா பளிச்சுன்னு ஆயிடும்னு டாக்டர் அடிச்சுச் சொல்றார். ஆனா என் கண்ணு போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சா? அந்தத் தெருப் பக்கமே திரும்ப மாட்டா. உங்க அக்காவை உனக்குத் தெரியாதா?

தங்கை: ...தெரியும்.

அத்தான்: நாளை ஒரு நாள். அவளை உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்கன்னா அப்புறம் நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் இந்த வாயை மட்டும்...

தங்கை: ஆளாளுக்கு என் வாயைக் கட்டறீங்களே! நான் என்ன பண்ணுவேன்? எனக்கு அழுகை வருது அத்தான்.

அத்தான்: அழாதே. அழுதா மூக்கை உறிஞ்சுவே, அவளுக்குக் கேட்டுடும். அதை விடு... குஞ்சு எப்படி இருக்கு, சொல்லு. தரையோட ஒட்டித் தத்துதா, இல்ல நீந்துதா?

தங்கை: நீந்துது. கூட்டமா. அவ முன்னாடி போறா, எல்லாம் பின்னாடியே மேகம் மாதிரி... இவன் கடைசியில காவலுக்கு வர்றான்.

அத்தான்: நீந்துதா! அப்ப பொறந்து நாளாச்சு. பானைக்குள்ளேயே கிடந்திருக்கா திருடி. முட்டை போட்டுட்டா இந்த ஜாதி அப்படித்தான். வாசலை மணலால அடைச்சுக்கிட்டு உள்ளேயே இருந்துடுவா, புருஷன் வெளிய வாட்ச்மேன். மழைத்தண்ணி மாத்தி மாத்தி எத்தனை நாள் தவம் கிடந்தேன் தெரியுமா... கடைசியில எனக்குத் தெரியாம பெத்து வச்சிருக்கா.

தங்கை: அதனாலதான் அவன் பானை வாசல்ல தனியா நின்னானா! அக்கா அதைப் பார்த்துட்டுப் போய்...

அத்தான்: அக்கா பார்த்துட்டு? ஏதோ செத்துப்போனவன்னு சொன்னே. பாசிக்கு வால்னு சொன்னே. சின்னவளே, அந்த மூலையில இருக்கிறது யாரு?

தங்கை: மூணாவது மீன் அத்தான்.

அத்தான்: மூணாவதா!

தங்கை: மேனேஜரம்மா செத்துட்டான்னு நினைச்சு, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அக்கா வாங்கி விட்டது. நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்கு முன்னாடியே.

அத்தான்: இவளா? எனக்குத் தெரியாமலா?... நான் இங்க உட்கார்ந்து தெரியற மாதிரி நடிக்கிறேன், அவ அங்க நின்னுக்கிட்டு என்னை ஏமாத்திட்டதா நினைச்சுக்கிட்டிருக்காளா! நல்ல குடும்பம்மா இது!

தங்கை: சிரிக்கிற நேரமா? அவ மூலைக்குப் பாயறா அத்தான்! அந்தப் புதுசை இடிக்கிறா!

அத்தான்: இடிக்காம? பிள்ளை பெத்த வீட்டுல இன்னொருத்தியை விடுவாளா? கொன்னுடுவா. உடனே அதை வெளிய எடு.

தங்கை: வலை எங்க இருக்கு?

அத்தான்: வலையை நினைக்கவே நினைக்காதே! வலையைப் பார்த்தா மிரண்டுபோய்ப் பெத்தவளே குஞ்சுங்களை முழுங்கிடுவா. அலமாரியில கண்ணாடி டம்ளர் இருக்கு. எடுத்துட்டியா?

தங்கை: ம். எடுத்துட்டேன்.

அத்தான்: இடது பக்கம் நில்லு. உன் நிழல் பானை மேல விழக் கூடாது. டம்ளரைப் படுக்க வச்சு, மூலையில மெதுவா இறக்கு... துரத்தாதே. அது ஒளிய இடம் தேடிக்கிட்டிருக்கு, தானா வரும்.

தங்கை: அவ என்னையே முறைக்கிறா அத்தான்.

அத்தான்: முறைக்கட்டும். குஞ்சு எங்க?

தங்கை: எல்லாம் தரையில போய்ப் படுத்துக்கிச்சு... இலை மேல. அசையவே இல்ல. ஐயோ, செத்துப்போச்சா?

அத்தான்: இல்ல, அவ உத்தரவு போட்டிருக்கா. துடுப்பைச் சிலுப்புவா, பிள்ளைங்க அப்படியே படுத்துக்கும். நீ டம்ளரைப் பாரு.

தங்கை: வருது... வருது... மூக்கை உள்ள விட்டிருக்கு... வந்துடுச்சு!

அத்தான்: வாயைக் கையால மூடித் தூக்கு. தூக்கிட்டியா?

தங்கை: தூக்கிட்டேன்.

அத்தான்: குஞ்சு?

தங்கை: எழுந்திரிக்குதுங்க... ஒண்ணொண்ணா. தின்னல அத்தான், அவ எதையும் தின்னல!

அக்கா: என்ன சத்தம் இங்க? ரெண்டு பேரும் தொட்டிக்குள்ள இறங்கிக் குளிக்கிறீங்களா?

தங்கை: அக்கா! ஒண்ணுமில்ல... அத்தான் தண்ணி சோதிக்கக் கேட்டார். டம்ளர்ல எடுத்தேன்.

அத்தான்: ஏம்மா, சேதி தெரியுமா? நம்ம மேனேஜரம்மா பிள்ளை பெத்துட்டா!

அக்கா: யாரு? எந்த மேனேஜரம்மா?

அத்தான்: நம்ம வீட்டுல எத்தனை மேனேஜரம்மா?

அக்கா: ...ஒண்ணுதான். ஒண்ணுதானே... அவளா? நிஜமாவா? இல்ல, அவ எப்படி... ஏண்டி, நிஜமாவா?

தங்கை: நிஜமாத்தான்க்கா. பாரு, பானைக்குப் பக்கத்துல.

அக்கா: எங்க? தள்ளு... எனக்குப் பழுப்பா ஒரு... எங்கடி?

அத்தான்: அதோ பாரு, பொடிப்பொடியா, வரிசையா போறாங்க. அவ முன்னாடி, இவன் பின்னாடி.

அக்கா: ஆமாங்க! பார்த்துட்டேன். அடேயப்பா, எத்தனை! உங்களை மாதிரியே துறுதுறுன்னு இருக்குங்க.

அத்தான்: இல்ல இல்ல, உன்னை மாதிரி. ஒண்ணு பாரேன், சொன்ன பேச்சுக் கேக்காம இந்தப் பக்கம் தனியா வருது.

அக்கா: ஆமா, வருது வருது! நீ ஏண்டி சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறே? எல்லாரும் பார்க்கிறோம், நீ மட்டும் பார்க்காம?

தங்கை: பார்க்கிறேன்க்கா. நான்தான்... பார்க்கிறேன்.

*

அக்கா: அடுப்படிக்கு வந்தாச்சுல்ல, இப்ப மெதுவாச் சொல்லு. டம்ளர்ல என்னது?

தங்கை: நீ வாங்கி விட்டியே, அது. உன் மேனேஜரம்மா சாகவே இல்ல. முட்டையோட பானைக்குள்ள இருந்திருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா இதைக் கொன்னே போட்டிருப்பா.

அக்கா: கடவுளே! அப்ப அவன் துக்கம் காக்கலையா? காவலா காத்தான்? அந்தக் கடைக்காரர் நாக்குல... இதை அந்தப் பிளாஸ்டிக் டப்பாவுல விடு. தொட்டித் தண்ணியே ஊத்து, குழாய்த் தண்ணி ஆகாது அதுக்கு. திருப்பிக் கொடுத்துடலாம்.

தங்கை: ம்.

அக்கா: உன் மூஞ்சி ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?

தங்கை: எனக்கா? இல்லையே. உனக்குத்தான் கண்ணு மங்கலாச்சே, மூஞ்சி எப்படித் தெரியும்?

அக்கா: குரல்ல தெரியுது.

தங்கை: அக்கா... நாளைக்கு நீ வரத்தானே போறே? என்ன நடந்தாலும்? யார் வந்து என்ன சொன்னாலும்?

அக்கா: யார் என்ன சொல்லப்போறா?

தங்கை: யாரும் இல்ல. சும்மா கேட்டேன். அத்தானுக்குத்தான் எவ்வளவு நல்லாத் தெரியுது... அவ்வளவு சின்னக் குஞ்சுகூட... அப்ப உனக்கும் நல்லபடியா...

அக்கா: போதும்டி. பொய் சொல்ல உனக்கு வராது, விட்டுடு. நான் இந்த மீனை வாங்கி விட்டதுக்கு அப்புறம், அவர் கண்ணுக் கட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே, டாக்டர் என்னைத் தனியா வெளிய கூப்பிட்டு, 'உள்ள நரம்பு போயிடுச்சும்மா, பார்வை திரும்பாது'ன்னு சொல்லிட்டார். என் புரையை எப்ப எடுப்பீங்கன்னு அந்த வராந்தாவுலயே நின்னு நாள் கேட்டவ நான். வீட்டுல ஒருத்தருக்காவது தெரிய வேணாமா? ஆனா அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே... தனக்குக் கண்ணு வந்துடுச்சுன்னு நான் நினைச்சதாலதான் எனக்குத் தைரியம் வந்துச்சுன்னு நம்பிக்கிட்டிருக்கார்.